உம்மம்மா கேட்ட குரல்

2016 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். அப்போது நான் இதே கல்லூரியில் தரம் 10 இல் படித்துக்கொண்டிருந்தேன். நகரில் நடந்த ஒரு பேச்சுப் போட்டிக்கு என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். தலைப்பு ‘பெண்ணும் கல்வியும்’. மூன்று வாரம் இரவு பகலாக மனனம் செய்தேன். பேச்சின் நடுவில் என் உம்மம்மா எனக்குச் சொன்ன ஒரு வார்த்தையை, அவர் சொன்னபடியே சொன்னால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. யாரிடமும் கேட்காமல் அதைச் சேர்த்துக்கொண்டேன்.

“என்ட காலத்துல கரித்துண்டால சுவத்துல எழுதிப் படிச்ச புள்ள நான். ஒனக்குக் கொப்பி இரிக்கி, பேனை இரிக்கி. வடிவா எழுதுகா.”

‘இரிக்கி’ என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்ததும் மண்டபத்தின் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு முன்னால் வந்தது. அடுத்த வசனம் எனக்கு மறந்துபோனது. எப்படியோ பேசி முடித்து இறங்கினேன். முடிவு அறிவிக்கும்போது நடுவர் ஒருவர், யாருடைய பெயரையும் குறிப்பிடாமல், “மேடைக்கு மேடைத் தமிழ் வேண்டும். வீட்டுத் தமிழை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும்” என்றார். அவர் யாரைச் சொன்னார் என்பது அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

திரும்பி வரும் வழியில் வாப்பா மோட்டார் சைக்கிளைக் கல்லடிப் பழைய பாலத்தில் நிறுத்தினார். 1924 இல் கட்டப்பட்ட அந்த இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் புதிய பாலம் வந்துவிட்டதால், பழையதில் கொஞ்ச நேரம் நின்று காற்று வாங்கலாம். கீழே வாவி அசையாமல் கிடந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். வாப்பா அதைப் பார்க்காதவர் போலத் தண்ணீரைப் பார்த்தபடி, “இதுக்குக் கீழதான் மகள் மீன் பாடுற. பறுவக் காலத்துல தோணியில வந்து, துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு, மற்ற நுனியக் காதுல வெச்சாக் கேக்கும்” என்றார்.

“அதுக்கென்ன இப்ப?” என்றேன்.

“ஒண்டுமில்ல. சும்மா நிண்டு கேட்டாக் கேக்காது எண்டு சொல்ல வந்தன்.”

அன்று அந்தப் பதில் எனக்கு விளங்கவில்லை. இனிமேல் மேடை ஏறுவதில்லை என்று அந்தப் பாலத்திலேயே முடிவெடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு சிரிப்பு நடந்துகொண்டிருந்தது. காக்காவின் கையடக்கத் தொலைபேசியைச் சுற்றி எல்லோரும் கூடியிருந்தார்கள். அந்த வருடம் பெப்ரவரி 4 ஆம் திகதி காலிமுகத்திடலில் நடந்த சுதந்திர தினக் கொண்டாட்டத்தில் ஒரு பெண் பாடிய ஒளிப்பதிவு அது. நாடு முழுவதும் அதைக் கைமாற்றிக்கொண்டிருந்த நாட்கள். பாடல், சிங்களவர்கள் பக்தியோடு போற்றும் ‘தன்னோ புதுங்கே’. பாடியவர் கிஷானி ஜயசிங்க. அவர் அதைப் பாடிய விதம் எங்கள் காதுக்குப் புதிதாக இருந்தது. குரல் மேலே மேலே ஏறிப்போய், உச்சியில் நின்று நடுங்கியது. காக்கா அதைப்போலக் கத்திக் காட்டினார். தங்கச்சி தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். காலையில் என்னைப் பார்த்து ஒரு மண்டபமே சிரித்தது. மாலையில் நான் இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டுக்கும் இடையில் ஆறு மணித்தியாலம்கூட இல்லை.

உம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அந்தப் போனை இஞ்ச கொண்டா” என்றார். காதோடு வைத்துக் கேட்டார். முடிந்ததும், “இன்னொருக்காப் போடு” என்றார். இரண்டாவது முறையும் கேட்டுவிட்டு, “இந்தப் புள்ள மூச்ச எங்க வெச்சிரிக்கா? இது ஒரு நாள்ல வந்த மூச்சில்ல. என்னத்துக்குச் சிரிக்கிறீங்க? எவ்வளவு கஷ்டப்பட்டிரிப்பா” என்றார்.

மூச்சைப் பற்றிப் பேச உம்மம்மாவுக்கு உரிமை இருந்தது. நாற்பது வருடங்களாக வீட்டுத் திண்ணையில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தவர் அவர். நாங்கள் ஒரு ஆயத்தின் நடுவில் மூச்சு முட்டி நின்றால், “நெஞ்சில வைக்காத, வயித்துல வை” என்பார். எந்த எழுத்து தொண்டையின் அடியில் பிறக்கிறது, எது நாக்கின் ஓரத்தில் பிறக்கிறது என்பதைத் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சொல்லித் தருவார். எழுத்துகள் பிறக்கும் இடங்கள் 17 என்று தஜ்வீத் அறிஞர்கள் வகுத்திருப்பதை நான் பின்னாளில்தான் புத்தகத்தில் படித்தேன். உம்மம்மா புத்தகம் இல்லாமலே அதைப் பிள்ளைகளின் வாயில் வைத்தவர்.

அன்றிரவு வெட்கத்தினால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பாடகி யார் என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் இன்றுவரை என்னை விடவில்லை.

கிஷானி ஜயசிங்க கொழும்பில் விசாகா வித்தியாலயத்தில் படித்தவர். சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளை சட்டத்தரணி ஆகிவிட்டால் அதோடு பெற்றோரின் கவலை தீர்ந்துவிடும். அவரோ அதன் பிறகுதான் கடினமான பாதையைத் தெரிவு செய்தார். 1822 இல் தொடங்கப்பட்ட, இலண்டனின் றோயல் இசைக் கழகத்தில் பாடக் கற்றார். அங்கிருந்து, கொவன்ற் கார்டனில் உள்ள றோயல் ஒபெரா அரங்கின் இளம் கலைஞர்களுக்கான பயிற்சித் திட்டத்துக்குத் தெரிவானார். உலகெங்குமிருந்து விண்ணப்பிக்கும் பாடகர்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே அந்த இடம் கிடைக்கும். 2006 முதல் 2008 வரை அங்கே பயின்று, அந்த அரங்கிலேயே பாடினார். தென்னாசியாவிலிருந்து அங்கு பாடிய முதல் சோப்ரானோ என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

சோப்ரானோ என்பது மேற்கத்தேய இசையில் பெண்குரல்களில் மிக உயர்ந்த வகை. ஒபெரா என்பது முழுக்கப் பாட்டாலேயே நடத்தப்படும் நாடகம். எங்கள் மட்டக்களப்பின் தென்மோடி, வடமோடிக் கூத்துகளில் ஆட்டத்தையும் பாட்டையும் கொண்டு கதை சொல்வதை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். ஆனால் கூத்துக்கு மத்தளமும் தாளமும் துணை. ஒபெராவில் பாடுபவருக்கும் சபைக்கும் நடுவே எழுபது, எண்பது வாத்தியங்கள் ஒன்றாக முழங்கிக்கொண்டிருக்கும். கொவன்ற் கார்டன் அரங்கில் 2,200 க்கும் மேற்பட்ட ஆசனங்கள். பாடகியின் கையில் ஒலிவாங்கி இல்லை. கடைசி மாடியின் கடைசி ஆசனத்தில் இருப்பவருக்கும் அந்தக் குரல் வெறும் மூச்சினால் போய்ச் சேரவேண்டும்.

இது எப்படி முடிகிறது? ஒரு சோப்ரானோ தன் உச்ச சுரமொன்றைப் பாடும்போது தொண்டையிலுள்ள குரல்நாண்கள் ஒரு செக்கனுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் திறந்து மூடுகின்றன. அதைக் கத்தலாகச் செய்தால் சில நாட்களில் குரல் போய்விடும். ஆகவே அடிவயிற்றிலிருந்து மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடப் பழகுகிறார்கள். வாயையும் தாடையையும் சுரத்துக்கு ஏற்றபடி திறந்து, வாய்க்குள் இருக்கும் வெளியே அந்தச் சுரத்தைப் பெருக்கும்படி செய்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு ஐந்து வருடம், பத்து வருடம் ஆகும். இதற்கிடையே இத்தாலிய மொழி, ஜேர்மன் மொழி, பிரெஞ்சு மொழி ஆகியவற்றை அந்த நாட்டார் குறை சொல்லாதபடி உச்சரிக்கவும் கற்கவேண்டும்.

இதற்கொரு விலையும் உண்டு. குரல் அவ்வளவு உயரத்துக்குப் போகும்போது வாய் அகலத் திறந்தே இருக்கவேண்டியிருப்பதால், ‘இ’, ‘உ’, ‘அ’ எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கும். சொற்கள் மங்கும். எந்தத் தேர்ந்த சோப்ரானோவும் இதிலிருந்து தப்ப முடியாது. தங்களுக்கு மனப்பாடமான பாடலின் சொற்களை எதிர்பார்த்துக் கேட்டவர்களுக்கு அன்று காலிமுகத்திடலில் கேட்டது விசித்திரமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் சொல்லைத் தேடினார்கள். அவர் சுரத்தைக் கொடுத்தார்.

குர்ஆன் ஓதுவதை இசை என்று நான் சொல்லமாட்டேன். அது வேறு, இது வேறு. ஓதலில் எழுத்துத்தான் அரசன். எழுத்து மங்கினால் ஓதல் பிழை. ஆனால் மூச்சைக் காப்பாற்றும் ஒழுக்கம் இரண்டிலும் ஒன்றுதான் என்பதை உம்மம்மாவின் காது அன்று கண்டுபிடித்தது. இலண்டனுக்குப் போகாத, ஒபெரா என்ற சொல்லையே கேள்விப்படாத ஒரு கிழவி, அங்கே பயின்ற ஒருத்தியின் உழைப்பைத் தொலைபேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில் அடையாளம் கண்டார்.

அந்தப் பாடலைப் பற்றியும் சொல்லவேண்டும். தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் அவரைத் தரக்குறைவாகக் கேலி செய்தார்கள். எங்கள் பண்பாட்டுப் பாடலை அந்நியக் குரலில் கெடுத்துவிட்டார் என்று பலர் எழுதினார்கள். வேறு பலர் அவருக்காகப் பேசினார்கள். பிரதமரே இதைப் பற்றிப் பேச நேர்ந்தது. ஆனால் அந்தப் பாடல் எங்கிருந்து வந்தது? 1903 இல் ஜோன் டி சில்வா எழுதிய ‘சிரிசங்கபோ’ நாடகத்துக்காக அது உருவானது. அதற்கு மெட்டமைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லௌஜி என்ற இசைக் கலைஞர். அவர் சிங்களவரல்லர். வெளியிலிருந்து வந்த ஒருவரின் மெட்டு, நூறு வருடங்களில் இந்த மண்ணின் உயிராகிவிட்டது. அதே பாடலை இந்த மண்ணில் பிறந்த ஒரு பெண், தான் வெளியே போய்க் கற்ற முறையில் பாடியபோது அது அந்நியமாகப் பட்டது.

அதே சுதந்திர தினத்தில் இன்னொன்றும் நடந்தது. 1949 க்குப் பிறகு முதன்முறையாக, நாட்டின் அதிகாரபூர்வச் சுதந்திர தின நிகழ்வில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. மெட்டு அதே மெட்டு, பொருள் அதே பொருள். மொழி மட்டும் வேறு. எங்கள் வீட்டில் அன்று தொலைக்காட்சியின் முன்னால் வாப்பா எழுந்து நின்று கண்களைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்தக் கண்ணீரை மதிக்கத் தெரிந்த நாங்கள், ஒரு கிழமை கழித்து அதே நாளில் பாடிய அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தோம். ஒரு பாடலை இந்த மொழியில்தான் பாடவேண்டும், இந்தக் குரலில்தான் பாடவேண்டும் என்று சொல்பவர்களால் காயப்பட்ட நாங்களே, அதே வார்த்தையை அவர் மீது எறிந்தோம்.

நான் தினமும் பஸ்ஸில் கல்லடி உப்போடையைக் கடந்துதான் போகிறேன். அங்கே சிவானந்த வித்தியாலயத்தின் வளவில் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. 1892 இல் காரைதீவில் பிறந்த அவர், மறைந்துபோன பழந்தமிழ் யாழ்களின் சுரங்களைக் கணக்குப் போட்டு மீட்கப் பல வருடங்கள் உழைத்தார். ‘யாழ்நூல்’ 1947 இல் வெளிவந்தது. அதே வருடம் அவர் காலமானார். எங்கள் வாவியின் ஓசையை நீரர மகளிரின் இன்னிசையாகக் கற்பனை செய்து பாட்டு எழுதியவரும் அவரே. வாவியின் அடியில் பெண்குரல்கள் பாடுகின்றன என்று இந்த ஊர் அறிஞர் ஒருவர் நினைத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அவருக்கு முன்னரே, 1848 இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ற் என்ற பிரித்தானிய அதிகாரி, இரவில் தோணியில் போய் அந்த ஓசையைக் கேட்டதாக எழுதிவைத்திருக்கிறார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி இன்னும் பெருகிக் கேட்டதாம். மெல்லிய உயர்ந்த ஒலிகளும் தாழ்ந்த ஒலிகளும் கலந்து எழுந்தனவாம். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதைப் பதிவு செய்தார். மீனா, ஊரியா, வேறெதுவுமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. எதுவானாலும், அதைக் கேட்டவர்கள் எல்லோரும் குனிந்து காதை வைத்தவர்கள். வாப்பா பாலத்தில் சொன்னது அதுதான்.

என் உம்மம்மாவின் குரலுக்கு அப்படிக் குனிந்தவர் யார்? ஓதிக் கொடுத்த நேரம் போக, அவர் கவி பாடுவார். கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் தொட்டிலாட்டும்போதும், நெல்லுக் குற்றும்போதும், புருஷன் வயலுக்குப் போய் வரத் தாமதித்தபோதும் பாடிய கவிகள். நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து அவற்றைத் தொகுத்திராவிட்டால் பல கவிகள் பாடியவர்களோடே போயிருக்கும். அவற்றைக் கட்டிய பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அந்தக் கவிகளில் ‘என்ட’ உண்டு, ‘ஒண்ட’ உண்டு, ‘இரிக்கி’ உண்டு. மண்டபம் எந்தத் தமிழைக் கேட்டுச் சிரித்ததோ, அந்தத் தமிழில்தான் எங்கள் பெண்கள் தங்கள் மனசைச் சொல்லியிருக்கிறார்கள்.

உம்மம்மா 2019 இல் மௌத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். எங்கள் தொலைபேசிகளில் அவருடைய படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. குரல் ஒன்றுகூட இல்லை. பாடச் சொன்னால், “கிழட்டுத் தொண்டை, என்னத்துக்கு?” என்று சிரித்து மழுப்பிவிடுவார். நாங்களும் வற்புறுத்தவில்லை. யாரோ ஒருத்தியின் பாட்டை இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்ட அவரை, நாங்கள் ஒரு முறைகூடப் பதிவு செய்யவில்லை. பெப்ரவரி மாதம் வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறைதான் நெஞ்சில் நிற்கும்.

பெண்ணின் குரல் எவ்வளவு தூரம் கேட்கலாம் என்பதைப் பற்றி எங்கள் ஊரில் பல கருத்துகள் உண்டு. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எல்லாப் பிள்ளைகளும் மேடையில் பாடவேண்டும் என்று சொல்லவும் நான் வரவில்லை. ஆனால் 2,210 ஹதீஸ்களை அறிவித்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஸஹாபாக்கள் தேடி வந்து, திரைக்கு அப்பாலிருந்து கேட்டுக் கற்றார்கள் என்பதை நாம் சிறு வயதிலிருந்தே படிக்கிறோம். ஒரு பெண் எதைச் சொல்கிறாள் என்று கேட்பதற்கு முன்னால், எப்படிச் சொல்கிறாள் என்று சிரிப்பது அந்த வழிமுறையில் இல்லை.

இப்போது நான் படித்த கல்லூரியிலேயே தமிழ் கற்பிக்கிறேன். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போது முதல் நாள் நான் மூச்சைத்தான் சொல்லிக் கொடுப்பேன். “நெஞ்சில வைக்காத, வயித்துல வை.” மேடைத் தமிழும் கற்றுக்கொடுக்கிறேன், அதுவும் வேண்டும். நடுவர் சொன்னதில் பாதி சரிதான். கிஷானி ஜயசிங்க இத்தாலிய உச்சரிப்பைக் கற்றது போல, எங்கள் பிள்ளைகளும் செந்தமிழை அதற்குரிய இலட்சணத்தோடு கற்கவேண்டும். ஆனால் அதற்காக வீட்டுத் தமிழை வாசலில் கழற்றிவிட்டு வரத் தேவையில்லை. அவர் இலண்டனில் பெற்ற குரலோடுதான் ஊருக்கு வந்து ஊர்ப் பாடலைப் பாடினார். என் மாணவி ஊரில் பெற்ற சொல்லோடு மேடைக்குப் போகக் கூடாதா?

போன வருடம் தரம் 9 பிள்ளை ஒருத்தி, தன் வாப்பும்மாவின் வார்த்தை ஒன்றைப் பேச்சில் சேர்த்து எழுதி வந்தாள். வாசிக்கும்போது ‘இரிக்கி’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தி, என் முகத்தைப் பார்த்தாள். வகுப்பில் இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கினார்கள். நான் அவர்களை ஏசவில்லை. பதினைந்து வயதில் நானும் அப்படிச் சிரித்தவள்தானே.

“இன்னொருக்கா வாசி புள்ள,” என்றேன். “இந்த முறை நல்லா மூச்செடுத்து.”

அவள் வாசித்தாள். பின்வரிசைவரை கேட்டது. பெற்றோர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை மட்டும் இருக்கிறது. உங்கள் வீட்டில் வயதான உம்மா, மூத்தம்மா, மாமி யாராவது கவியோ, கதையோ, பழமொழியோ சொல்லிக்கொண்டிருந்தால், இன்றைக்கே அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். தொலைபேசியைக் கையில் எடுத்து, பதிவு பொத்தானை அழுத்துங்கள். “கிழட்டுத் தொண்டை” என்று அவர்கள் மறுத்தால், இன்னொரு முறை கேளுங்கள்.